கூடைப்பந்தும் விரிச்சியும்

போட்டி முடியுமட்டும் பொறுத்திராது, தொடங்குமுன்னரே அதன் முடிவைத் தெரிந்துகொள்ள விழைவது மக்கள் இயல்பு. நம் முன்னோரும் இதற்கு விலக்கல்லர். போர்மேற் செல்வாரின் வெற்றி தோல்விகளை முன்னறியும்பொருட்டு அவர் விரிச்சி கேட்டனர். அஃதாவது, ஊர்ப்புறத்தே சென்று நின்று, தற்செயலாகச் செவியில் விழும் அயலார் சொல்லை நற்சொல் என்றோ தீச்சொல் என்றோ கொண்டனர். தலைவன் பாசறைக்கண் இருந்த காலத்து, முதுபெண்டிர் சிலர் நெல்லும் முல்லைமலரும் தூவி நின்றதையும், தாயைக் காணாது தவித்த கன்றினுக்கு ஆயர்மகள் ஒருத்தி கூறிய ஆறுதற் சொல்லையே தலைவனது வெற்றிக்கு அறிகுறியாகக் கொண்டதையும் முல்லைப்பாட்டுக் கற்றார் அறிவர். இக்காலத்து விரிச்சி கேட்போர் ஊர்ப்புறம் செல்ல வேண்டுவதில்லை. விடுதித் தாழ்வாரத்தில் சிறிது நேரம் நின்றாற் போதும். "இவ்வாண்டுக் கோப்பை இன்னார்க்கே" என்னும் சொல் நாற்புறத்தினின்றும் வந்து விழும்.

கல்லூரி அணிகள் ஆடும் கூடைப்பந்துப் போட்டி ஒன்றன் முடிவை முன்கூட்டியே அறிதல் இயலுமா, இயலுமாயின் எவ்வளவிற்கு இயலும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். தமிழ் பயில்வானுக்குக் கணக்கினிடத்து என்ன வேலை என்று கணிதத் துறை நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இதிற் பயின்றுவரும் கணக்கு, பெருக்கலும் சிறிது பொறுமையும் உடையார் எவர்க்கும் எட்டுவதேயாம்.

பேச்சு ஆகாயத்தில் மிதவாதிருக்க, ஓர் உண்மைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் 2023ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டபோது, பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுமக்கள் என ஐவகையாரும் பங்குபெறும் வண்ணம் அமைக்கப்பட்டன. கல்லூரிப் பிரிவின் ஆட்டங்களுள் கூடைப்பந்தும் ஒன்று. முதலில் மாவட்ட அளவிலும், பின்னர் மாநில அளவிலும் ஆட்டங்கள் நிகழும். தமிழ்நாட்டிலுள்ள மாவட்டங்கள் 38. அவற்றுள் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு.

இவ்விரண்டையும் எடுத்ததற்குக் காரணம் யான் அச்சீமையினன் என்பது மட்டுமன்று. 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பிரிக்கப்பட்டபொழுது பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதனினின்று அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனித்தது. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்வதிலும் இத்துணை இழுபறி காண்பதரிது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்து மக்கள் 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர். சென்னையிலோ 46,46,732 பேர். அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்தினும் மக்கட்டொகை குறைந்தது பெரம்பலூரே. ஆகவே இவ்விரு மாவட்டத்தின் அணியும் எதிரில் நிற்பது சென்னை அணி என்று தெரிந்தமாத்திரத்தே, ஊர்ப்பெயரைக் கேட்டே முடிவைச் சொல்லிவிடுவார் பலர். அம்முடிவு ஆட்டக்காரர் செவிக்கும் எட்டுகிறது. பேருந்தில் ஏறுமுன்னரே தோல்வியை மூட்டை கட்டிக்கொண்டு செல்லும் பிள்ளைகட்கு அச்சொல்லின் உண்மை மதிப்பு யாதென்று தெரிந்திருத்தல் நலம்.

முதற்கண், முன்னறிதல் என்பதன் பொருளைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். "சென்னை வெல்லும்" என்பது ஒருவகைக் கூற்று. "இவ்வாட்டத்தை நூறு முறை ஆடினால் ஏறத்தாழ எழுபது முறை சென்னை வெல்லும்" என்பது மற்றொருவகை. முன்னது குறி சொல்லுதல், பின்னது அளவிடுதல். இவ்வளவினையே கணித நூலார் நிகழ்தகவு என்பர். இஃது ஏட்டுக் கல்வியினர்க்கே உரிய நுட்பம் எனக் கருதற்க. எம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் உழவரை, "இவ்வாண்டு மழை பெய்யுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெய்யும் என்றும் சொல்லார், பெய்யாது என்றும் சொல்லார். ஆயினும் எந்நிலத்தில் எதனை எவ்வளவு விதைப்பது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. வாய்ப்பின் அளவை அவர் மனத்துள் நிறுத்தே வைத்திருக்கின்றார்.

அளவிட்டுச் சொல்வோன் சரியாகச் சொன்னானா என்பதை ஓர் ஆட்டத்தைக்கொண்டு தீர்மானித்தல் இயலாது. எழுபது பங்கு என்று அவன் கூறிய ஆட்டங்கள் பலவற்றையும் ஒருங்கு சேர்த்து, அவற்றுள் நூற்றுக்கு எழுபது அவன் சொன்னவாறே முடிந்தனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் அவன் சொன்னபடியே முடிந்திருப்பினும் அவன் அளவு பிழையே. எழுபது என்றதற்கு மாறாக நூறு என்று கூறியிருத்தல் வேண்டும். ஒருமுறை பலித்த சொல் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமன்றோ?

இனி ஆட்டத்திற்கு வருவோம். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்துவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டினைச் சுவரில் மாட்டி இதனைத் தொடங்கினார் என்பதையும், அச்சங்கத்தின் சார்பில் 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார் என்பதையும் பலர் அறிந்திருப்பர். நமக்கு இங்கே வேண்டுவது வேறொன்று. கால்பந்தில் ஒன்றிரண்டு கோல்களே விழுகின்றன. ஆதலின் ஒரு தற்செயல் நிகழ்ச்சி ஆட்டத்தையே புரட்டிவிடும். கூடைப்பந்திலோ ஒவ்வோர் அணியும் பல பத்து முறை கூடையை நோக்கி வீசுகின்றது. வீச்சுகள் பெருகப் பெருகத் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, ஆற்றல் வேறுபாடே மேலெழுந்து தோன்றும். ஆகவே தனி ஆட்டம் ஒன்றனைப் பொறுத்தமட்டில், கூடைப்பந்து பிற ஆட்டங்களினும் முன்னறிதற்கு எளியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓரணி பந்தைப் பெற்று, கூடைக்கு முயன்று, அதனை எதிரணிக்கு இழக்குமளவும் உள்ள நேரத்தை ஒரு தவணை என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிட ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ 70 தவணைகள் கிடைப்பதாகக் கொள்க. வலிய அணி தன் தவணைகளில் நூற்றுக்கு 50இல் இரண்டு புள்ளி பெறுகின்றது. மெலிய அணி நூற்றுக்கு 45இல் பெறுகின்றது. வேறுபாடு ஐந்தே. இவ்வைந்தும் எழுபது தவணைகளிற் பெருகி, சராசரியில் 7 புள்ளி வேறுபாடாகின்றது. அந்நிலையில் மெலிய அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 28. இதனைக் கேட்டு வலியவர் மகிழலாம். ஆனால் மெலியவர்க்கும் இதில் வியப்புண்டு. ஊரார் நாவில் வெறும் பூச்சியமாயிருந்தது, கணக்கில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டிருக்கின்றது!

ஓர் ஆட்டத்தின் நிலை இது. ஒரு போட்டித் தொடர் முழுவதன் நிலை முற்றிலும் வேறு. 38 மாவட்டங்களும் ஒவ்வோர் அணியை அனுப்பி, தோற்றவர் வெளியேறும் முறையில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். முதற் சுற்றில் 12 அணிகள் ஆறு ஆட்டங்கள் ஆட, எஞ்சிய 26 அணிகள் 'பை' பெற்று ஆடாமலே மேலேறும். பின்னர் 32, 16, 8, 4, 2 எனக் குறைந்து, ஆட்டங்கள் மொத்தம் 37இல் முடியும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓரணி தோற்று வெளியேறுதலின், 37 அணிகள் வெளியேற 37 ஆட்டங்கள் வேண்டுமென்பது எண்ணிப் பாராமலே விளங்கும்.

யாவரினும் சிறந்த அணி ஒன்று 'பை' பெற்று நுழைகின்றது. எதிர்ப்பட்டவர் எவராயினும் நான்கில் மூன்று பங்கு வெல்லத்தக்கது அது என்க. கோப்பையை எய்த அதற்கு ஐந்து வெற்றிகள் தொடர்ந்து வேண்டும். முக்காலை ஐந்து முறை பெருக்கினால் வருவது நூற்றுக்கு 24க்குச் சற்றுக் குறைவு. ஆட்டந்தோறும் பத்தில் ஒன்பது வெல்லும் வல்லமை இருப்பினும், கோப்பை வாய்ப்பு நூற்றுக்கு 59ஐத் தாண்டுவதில்லை. ஆகவே, "கோப்பை இன்னார்க்கே" என்று அடித்துச் சொல்வோன், மிகச் சிறந்த அணியையே சுட்டியிருப்பினும், தவறுவதே பெரும்பான்மையாகக்கூடும். யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஐந்து படிகளுள் ஒன்றிற் சறுக்கினாலும் யானை கீழேதான்.

முப்பத்தேழு ஆட்டங்களின் முடிவையும் ஒன்று விடாது முன்கூறத் துணிவாரும் உண்டு. காசு சுண்டிப் பார்ப்பது போல் கூறினால், உள்ள வழிகள் 13,743 கோடியே 89 லட்சத்து 53 ஆயிரத்து 472. நொடிக்கொன்றாக எழுதித் தீர்க்க 4,300 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆட்டந்தோறும் நான்கில் மூன்று பங்கு சரியாகச் சொல்லவல்ல அறிவாளிக்கும், அனைத்தும் பலிக்கும் வாய்ப்பு 42,000இல் ஒன்றேயாம்.

இவ்விளையாட்டிற்கு இணையாக இதன் முடிவை ஊகிப்பதையும் ஒரு பெருந்திருவிழாவாக்கியவர் அமெரிக்கர். அங்கே கல்லூரி அணிகளின் தேசியப் போட்டி 1939இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 1985இல் 64 அணிகளாக விரிந்து, 2011 முதல் 68 அணிகளாயிற்று. 64 அணிகள் ஆடும் 63 ஆட்டங்களின் நிரலை முன்னரே நிரப்பித் தருவது அந்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து வழக்கம். நிரப்பத்தக்க வழிகள் ஏறத்தாழ 92,000 கோடி கோடி. 2014இல் வாரன் பஃபெட் என்னும் செல்வரின் துணையோடு, முழு நிரலையும் பிழையறச் சொல்வார்க்கு நூறு கோடி டாலர் பரிசு என ஒரு நிறுவனம் அறிவித்தது. அப்பணம் அவர் பெட்டியிலேயே பத்திரமாயிருந்தது. 2019இல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் சரியாகச் சொல்லி, ஐம்பதாவதில் தவறினார். அவரும் பெரும்புகழ் எய்தினார் என்றால், முழுமையும் சொல்வதன் அருமையை உய்த்துணர்ந்துகொள்க.

அப்போட்டியிற் கற்றற்குரிய செய்தி மற்றொன்றுண்டு. அணிகள் நான்கு பகுதியாக வகுக்கப்பட்டு, பகுதிதோறும் 1 முதல் 16 வரை தரவரிசை பெறும். முதற் சுற்றில் முதலாம் அணியோடு மோதுவது பதினாறாம் அணி. 1985 முதல் ஆடவர் போட்டியில் இவ்வாறு 135 ஆட்டங்கள் நடந்தன. 135இலும் முதலாம் அணியே வென்றது. ஒருமுறையேனும் நிகழாததை ஒருபோதும் நிகழாதது என்று கூறிவிடலாமா? பிரெஞ்சு நாட்டுக் கணிதப் பேரறிஞர் லாப்லாஸ் இத்தகைய இடத்திற்கு ஒரு விதி வகுத்துள்ளார். நடந்தவற்றின் தொகையோடு ஒன்றையும், முயற்சிகளின் தொகையோடு இரண்டையும் கூட்டி வகுக்க என்பது அது. அவ்விதிப்படி அடுத்த ஆட்டத்திற் பதினாறாம் அணி வெல்லும் வாய்ப்பு 137இல் ஒன்று. சிறிதுதான், ஆயினும் பூச்சியமன்று. 2018இல் அது நிகழ்ந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி, நாட்டிலேயே முதன்மையானதென மதிக்கப்பட்ட வர்ஜீனியாவை 74க்கு 54 என்று வீழ்த்தியது. மகளிர் போட்டியில் ஹார்வர்டு அணியினர் 1998லேயே ஸ்டான்ஃபோர்டை வென்று இதற்கு வழிகாட்டியிருந்தனர். 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் அணி பர்டூவை 63க்கு 58 என வென்றபோது, வியந்தவர் தொகை சற்றுக் குறைந்திருக்கும்.

நிற்க. முன்னறியும் கணக்கு பார்வையாளர்க்குப் பொழுதுபோக்கு. மெலிய அணிக்கோ அது கருவி. இக்கட்டுரையில் யான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே. வீச்சுகள் பெருகினால் ஆற்றல் வெல்லும் என்று மேலே கண்டோம். அப்படியாயின், வீச்சுகள் குறைந்தால் தற்செயலுக்கு இடம் பெருகுமன்றோ? மெலியவன் விரைந்தாடுவது தன் பகைவனுக்கே துணைபோவதாகும். 1996இல் பிரின்ஸ்டன் அணி, பீட் காரில் என்னும் பயிற்சியாளரின் சொற்படி பொறுமையே உருவாக ஆடி, முந்தைய ஆண்டு வாகை சூடிய கலிபோர்னியா அணியை 43க்கு 41 என்று வென்றது. 1985 இறுதியாட்டத்தில் எட்டாந் தரத்து வில்லனோவா, 28 வீச்சுகளே வீசி அவற்றுள் 22ஐக் கூடையிலிட்டு, ஜார்ஜ்டவுனை 66க்கு 64 என்று வென்றது. வீச்சுக்குக் காலவரையறை இல்லாத காலம் அது.

இன்று நம் மைதானங்களில் அவ்வாறு பந்தை வைத்துக்கொண்டு உலாவ முடியாது. 24 நொடிக்குள் வீசியாக வேண்டும். இரு அணிகளும் 24 நொடியையும் செலவிட்டால் அணிக்கு 50 தவணைகள் கிடைக்கும். மெலியவரின் வாய்ப்பு 28இலிருந்து 31 ஆகும். ஆனால் வலியவர் நமக்காக ஏன் மெதுவாக ஆடுவர்? அவர் தவணைக்கு 17 நொடியே எடுக்க, நாம் மட்டும் 24 நொடியும் எடுத்தால் அணிக்கு 58 தவணைகள். வாய்ப்பு 30ஐ எட்டாது. அவ்வளவே ஊதியம். இன்னொரு வழி, தொலைவிலிருந்து மூன்று புள்ளி வீசுதல். நூற்றுக்கு 45 முறை இரண்டு புள்ளி பெறுவதும், நூற்றுக்கு 30 முறை மூன்று புள்ளி பெறுவதும் சராசரியில் ஒன்றே. எனினும் பின்னதில் ஏற்றத்தாழ்வு மிகுதி. மெலியவனுக்கு வேண்டுவதும் ஏற்றத்தாழ்வே. நிதானத்தையும் இவ்வீச்சையும் சேர்த்தால் வாய்ப்பு 33 ஆகும். நூற்றுக்கு ஐந்து கூடியதென்பது சிறிதாகத் தோன்றலாம். இரண்டு சுற்றுகளை அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பு அதனால் 8இலிருந்து 11 ஆகின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. மூன்று புள்ளி வீச்சு நூற்றுக்கு 30 முறை விழுந்தாலன்றி இக்கணக்குச் செல்லாது. 27 முறையே விழுமாயின், 33 ஆக உயர வேண்டிய வாய்ப்பு 19 ஆகத் தாழும். தொலைக்காட்சியிற் கண்ட வீரனைப் போல் நடுக்களத்திலிருந்தே வீசித் தள்ளும் தம்பியர் இதனைக் கருத்தில் இருத்துக.

அவ்வாறாயின், நம் அணி உண்மையில் எத்துணை மெலியது என்பதை எவ்வாறு அறிவது? எடுத்துக்காட்டிற்காக 45 என்றும் 50 என்றும் எளிதாக எழுதிவிட்டேன். பெரம்பலூர் அணியும் சென்னை அணியும் ஒன்றையொன்று எதிர்ப்பட்டதே இல்லையாயின் இருவரையும் நிறுக்கும் தராசு யாது? இதற்கும் வழியுண்டு. சதுரங்க ஆட்டக்காரர்க்கு மதிப்பெண் வகுத்த ஆர்பாட் ஏலோ என்னும் பௌதிகப் பேராசிரியரின் முறையை ஏனைய ஆட்டங்கட்கும் கொள்கின்றனர். வென்றவர்க்கு மதிப்பெண் ஏறும், தோற்றவர்க்கு இறங்கும். எதிரி வலியவராயின் ஏற்றம் மிகும். இருவர்க்கிடையே 200 மதிப்பெண் வேறுபாடு இருப்பின், உயர்ந்தவர் நூற்றுக்கு 76 முறை வெல்வர் என்பது அதன் கணக்கு. இருவரும் நேரே மோதவேண்டுவதில்லை. இடையே பொதுவான எதிரிகளின் தொடர்பு இருந்தாற் போதும். பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளும் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்டவை. அக்கல்லூரிகளுக்கிடையே ஓர் ஆட்டமும், திருச்சிராப்பள்ளியார் சென்னையாரோடு ஓர் ஆட்டமும் ஆடினால் சங்கிலி கோத்ததாயிற்று. கண்ணிகள் பெருகப் பெருகச் சங்கிலி உறுதிப்படும். அவ்வாட்டங்களில் வென்றார் யார் என்பதினும் எத்தனை புள்ளியால் வென்றார் என்பதைக் குறித்துவைத்தல் மிகுந்த பயன்தரும். ஒரு புள்ளியில் தோற்றவனும் நாற்பது புள்ளியில் தோற்றவனும் ஒருதரத்தவர் அல்லர்.

இவற்றிற்கெல்லாம் வேண்டும் மூலப்பொருள் மிக எளியது. ஆட்டத்தின்போது நடுவர் மேசையில் எழுதப்படும் புள்ளித்தாளில், விழுந்த கூடைகள் யாவும் வீசியவன் எண்ணோடு பதிவாகின்றன. மூன்று புள்ளியாயின் அவ்வெண்ணைச் சுற்றி வட்டமும் இடுவர். விழாத வீச்சுகட்கு மட்டும் அத்தாளில் இடமில்லை. நாம் அறியவேண்டிய 45உம் 30உம் விழாதவற்றையும் சேர்த்தெண்ணினாலன்றிக் கிடையா. ஆகவே அடுத்த ஆட்டத்திற்கு முன் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் ஒருவரிடம் ஒரு பென்சிலும் கோடிட்ட தாள் ஒன்றும் கொடுத்து, வீச்சு ஒவ்வொன்றிற்கும் ஒரு கோடும், விழுந்தால் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடும் இடச் சொல்ல வேண்டும். மூன்று புள்ளி வீச்சுகளைத் தாளின் மறுபக்கத்தில் தனியே குறித்தால் இன்னும் நன்று.